மூணு வாரம் கலோரிக் கணக்கு விட்டுப்போச்சு, மறுபடி எங்கிருந்து பிடிக்கிறது?

கம்பங்கூழ்:
பெண், வயசு 38, உயரம் 160 செ.மீ. உட்கார்ந்த வேலை, தினம் அரை மணி நேரம் நடை. தீபாவளி வரைக்கும் ஆப்ல தினம் 1,400 கலோரின்னு எழுதி 71.2 கிலோவுக்கு வந்தாச்சு. பிறகு பலகாரம், ரெண்டு கல்யாணம், மூணு வாரம் ஒண்ணும் எழுதல. இன்னிக்குக் காலைல 74.1. ஈடுகட்ட ரெண்டு வாரம் 1,000 கலோரிக்கு இறங்கலாமா? இன்னொண்ணு, ஆறு பேருக்கு ஒரே சட்டியில சமையல். என் பங்கை எப்படிக் கணக்கெடுக்கிறது? ஆப்ல ஒரு இட்லிக்கு 39னும் இருக்கு, 70னும் இருக்கு.

படிக்கல்:
1,000 வேண்டாம். முதல்ல அந்த 2.9 கிலோ என்னன்னு பாருங்க. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. 2.9 கிலோவும் கொழுப்புன்னா 22,000க்கு மேல மிச்சம் சாப்பிட்டிருக்கணும், அதாவது 21 நாளும் தினம் 1,000க்கு மேல. கல்யாணப் பந்தியில ஒரு நாள் நடக்கும், மூணு வாரம் விடாம நடக்கிறது கஷ்டம். மாவுச்சத்து கூடும்போது உடம்பு அதைக் கிளைகோஜனா, அதாவது தசையிலயும் ஈரல்லயும் இருக்கிற சர்க்கரைக் கையிருப்பா, சேர்த்து வைக்கும். ஒரு கிராமுக்கு சுமார் 3 கிராம் தண்ணி கூடவே ஒட்டும். அப்பளம், ஊறுகாய், மிக்ஸர் உப்பு பிடிச்சு வைக்கிற தண்ணி தனி. அதனால பாதியோ அதுக்கு மேலயோ தண்ணியா இருக்க வாய்ப்பு அதிகம்.

இலக்கைப் புதுசாப் போடுங்க. உடம்பு சும்மா இருந்தாலே ஒரு நாள்ல செலவழிக்கிற கலோரிக்கு மிஃப்லின் சூத்திரம்: எடை × 10, உயரம் × 6.25, ரெண்டையும் கூட்டி, வயசு × 5ஐக் கழிச்சு, பெண்ணுக்கு இன்னும் 161 கழிக்கணும். உங்களுக்கு 740 + 1,000 − 190 − 161 = 1,389. லேசான நடைக்கு 1.375ஆல பெருக்கினா சுமார் 1,910, அதுதான் உங்க ஒரு நாள் மொத்தச் செலவு. அதுல 400 குறைச்சு 1,500 போதும். 1,000ல நிறுத்தினா சாயங்காலம் அஞ்சு மணிக்கு முறுக்கு டப்பா தானா திறக்கும். 100 கிராம் முறுக்கு 500 கலோரி சுலபமாத் தாண்டும், காலைலேர்ந்து இருந்த பட்டினி அதுலயே போயிடும்.

முதல் ஏழு நாள் எதையும் குறைக்காம எழுத மட்டும் செய்யுங்க. விட்டுப்போனது எழுதுற பழக்கம், முதல்ல அதைக் கொண்டுவரணும். எட்டாவது நாள் 1,500.

தராசுல ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீங்க, ஏழு நாள் சராசரியை முந்தின வாரச் சராசரியோட வச்சுப் பாருங்க. முதல் வாரம் ஒண்ணு ஒன்றரை கிலோ சட்டுனு இறங்கலாம், அது தண்ணி. அடுத்த வாரம் முள் அசையலன்னு பலர் விட்டுடறது இங்கதான். மாதவிலக்குக்கு முன்னாடியும் தண்ணி ஏறும், அதைப் போன மாசம் அதே நாட்களோட ஒப்பிடுங்க.

அரைப்படி:
பொதுச்சட்டிக்கு வழி ஒண்ணுதான்: காலிச் சட்டியை எடை போட்டு எண்ணை மூடியிலேயே மார்க்கர்ல எழுதிடுங்க. போடுற பொருளைப் பச்சையா எடை போடுங்க. சமைச்சு முடிஞ்சதும் சட்டியோட எடை போட்டு காலிச் சட்டியைக் கழிச்சா மொத்தம் வந்துடும்.

சாம்பார்: துவரம்பருப்பு 100 கிராம் 340, காய் 300 கிராம் சுமார் 90, தாளிக்க எண்ணெய் 10 கிராம் 90, புளி 40. மொத்தம் 560. முடிவில 1,400 கிராம் இருந்தா 100 கிராமுக்கு 40 கலோரி. ஒரு கரண்டி 120 கிராம்னா 48தான். சாம்பாரைக் குறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆனா தேங்காய்ச் சட்னி? துருவல் 150 கிராம் 530, பொட்டுக்கடலை 30 கிராம் 115, தாளிப்பு 45. ஆக 690. 350 கிராம் சட்னி வந்தா 100 கிராமுக்கு 200 பக்கம். தாராளமா ஊத்தினா அரை கிண்ணத்துல மூணு இட்லியோட கலோரி இருக்கு.

இட்லி குழப்பத்துக்குக் காரணம் அளவு. 400 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து, ரெண்டும் சேர்த்து 1,740. தண்ணியோட மாவு 1,350 கிராம் வந்தா 100 கிராமுக்கு 129. உங்க தட்டுக்குழி 50 கிராம் மாவு பிடிச்சா இட்லி 65. தோசைக்கு 90 கிராம் மாவு 116, ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40.

பெரிய தப்பு சோத்துல. வேகாத அரிசி 100 கிராம் 350, வெந்த சோறு 100 கிராம் சுமார் 130. ஆப்ல மாத்தித் தொட்டா கணக்கு ரெண்டரை மடங்கு பிசகும். பழைய குறிப்புகளையும் நம்பாதீங்க. பண்டிகைக்கப்புறம் எண்ணெய்க் கரண்டி மாறியிருக்கும், பால் பாக்கெட் மாறியிருக்கும். ஆவின் நீலத்துல கொழுப்பு 3%, ஆரஞ்சுல 6%. 100 மில்லிக்கு 60க்கும் 90க்கும் உள்ள தூரம் அது.

சமையல் தராசு 5 கிலோ வரை தாங்கணும், 1 கிராம் காட்டணும். சந்தேகம்னா அரை லிட்டர் பால் பாக்கெட்டை வைங்க, 515 முதல் 520 கிராம் காட்டணும். சூட்டுச் சட்டிக்குக் கீழ பலகை ஒண்ணு.

வெந்தயம்:
@படிக்கல், குறைக்காம ஒரு வாரம்கிறது எல்லாருக்கும் ஒத்துவராது. வீட்ல இன்னும் பலகாரம் இருந்தா அந்த வாரமே பத்து நாளாயிடும். முதல்ல டப்பாவைக் காலி பண்ணி அக்கம்பக்கம் கொடுங்க, அப்புறம் எழுதுங்க. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், சர்க்கரை திடீர்னு இறங்கிடும்.

கம்பங்கூழ்:
நன்றி. மாத்திரை எதுவும் இல்லை. ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு என்ன எழுதுறது?

அரைப்படி:
பார்சலைத் தட்டுல கொட்டி எடை போடுங்க, 100 கிராமுக்கு 200னு வைங்க. எலும்பை மட்டும் கடைசில எடை போட்டுக் கழிச்சுடுங்க. கடையில உட்கார்ந்து சாப்பிட்டா 800னு ஒரு வரி எழுதிட்டு ராத்திரிச் சாப்பாட்டை வழக்கம்போலச் சாப்பிடுங்க. வெத்து நாளா மட்டும் விடாதீங்க. தப்பான எண்ணைக்கூட அடுத்த வாரம் திருத்தலாம், எழுதாத நாளைச் சராசரியில சேர்க்க வழியில்ல.