பரணில் கைமரங்கள் எல்லாம் கன்னங்கரேல்: பழைய தீ விபத்தா?

தென்றல்77: இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு கிராமத்தில், பழைய மரச்சட்ட வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாடி இரண்டு ஓரத்திலும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், நடுப்பகுதி மட்டும் உள்வாங்கியிருக்கும். போன வாரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் பரணில் ஏறினேன். கைமரங்கள், குறுக்குக் கட்டைகள் எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவர், எப்போதோ தீப்பிடித்திருக்கும் என்கிறார். கீழே குழந்தைகள் தூங்குகிறார்கள். கூரை தாங்குமா?

மழைக்காகம்: எரிந்த மரம் என்றால் பலம் குறைந்திருக்கும். உடனே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

உளிச்சத்தம்: கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பதினெட்டு வருடமாக மரவேலை செய்கிறேன். நீங்கள் சொல்கிற அமைப்பைப் படித்ததும் மனசு துள்ளியது.

முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். எரிந்த கட்டையில் முனைகள் மழுங்கியிருக்கும், மேற்பரப்பு முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். உங்கள் கைமரங்களின் விளிம்பு கூர்மையாக இருந்து, கறுப்பு மட்டும் மேலே படிந்திருந்தால் அது தீ இல்லை, அடுப்புப் புகை.

நடுப்பகுதி ஒரு காலத்தில் தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்த ஒரே கூடம். நடுத் தரையில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. ஒரு ஓரத்தில் சாமான் அறைகள், இன்னொரு ஓரத்தில் குடும்பத்தாரின் அறை, இரண்டுக்கும் மேலே மாடி. எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. அதனால்தான் நடுவில் சுவர் உள்வாங்க, இறவாரம் மட்டும் முன்னால் நிற்கிறது. அதைத் தாங்க இரண்டு வளைந்த கட்டைகள் இருக்கிறதா, வெளியே போய்ப் பாருங்கள். இருந்தால் அது 'வீல்டன்' வகை வீடு. 1400களில் வசதியான குடியானவர்கள் கட்டியது.

இதே வகையில் பேலீஃப் என்று ஒரு வீடு சிடிங்ஸ்டோனில் இருந்தது. பௌ பீச் நீர்த்தேக்கம் வந்தபோது, 1960களின் கடைசியில் கட்டை கட்டையாகப் பிரித்து, சஸெக்ஸில் சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் திரும்ப நிறுத்தினார்கள். கூடம் 1405க்கும் 1430க்கும் இடைப்பட்டது, குடும்பத்தார் ஓரத்து அறைகள் அதற்குச் சுமார் 100 வருடம் பிந்தியவை. ஒருமுறை குழந்தைகளோடு போய் அந்த அடுப்புப் பக்கத்தில் நில்லுங்கள்.

தென்றல்77: வளைந்த கட்டைகள் இருக்கின்றன! ஆனால் புகைபோக்கி இல்லாமல் எப்படி மூச்சு விட்டார்கள்?

உளிச்சத்தம்: சூடான புகை மேலே ஏறிக் கூரைக்கு அடியில் திரளும். ஓட்டு இடுக்கு, கூரை முனைத் துவாரம் வழியாக மெதுவாக வெளியேறும். கீழே உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல்தான் புகை மண்டலம். ஜன்னலில் கண்ணாடி கிடையாது. நிறுத்திய மரக் குச்சிகள், உள்ளே மரக் கதவு. காற்று அடிக்கிற பக்கத்தை மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தால் புகை அடங்கும். பிறகு, 1500களிலும் 1600களிலும், செங்கல் புகைபோக்கி வைத்து, கூடத்தின் நடுவில் தளம் போட்டு மாடி ஆக்கினார்கள். கரி மட்டும் பரணில் மாட்டிக்கொண்டது.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: அதைத் துடைக்காதீர்கள். கூடம் எது, எங்கே முடிந்தது என்று சொல்வது அந்தக் கரிதான். டெவனில் சில வீடுகளில் புகை படிந்த இடைக்கால வைக்கோலே கூரையில் இருக்கிறது. பரணில் தடுப்புச் சுவர் இருந்தால் அதன் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். மூட்டுகளுக்குப் பக்கத்தில் உளியால் வெட்டிய கோடுகளும் இருக்கலாம். ஓக் மரத்தைப் பச்சையாகவே இழைத்து, தரையில் கோத்துப் பார்த்து, எது எதோடு சேரும் என்று தச்சர்கள் போட்ட எண்கள் அவை. நாலுக்கு நான்கு கோடு. ஆணி இரும்பில்லை, ஓக் முளைதான். துளைகளைக் கொஞ்சம் விலக்கிப் போட்டதால், முளையை அடிக்கும்போதே மூட்டு இறுகிவிடும். என் உளி அந்தக் கோட்டின் மேல் பொருந்தும்போது ஒவ்வொரு முறையும் கை தயங்கும்.

மரம் மிருதுவாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்திப் பாருங்கள், கரி இல்லாத ஓரத்தில். உள்ளே இறங்கினால், மரச்சட்ட வீடு தெரிந்த ஆளை அனுப்பும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

தென்றல்77: இப்போதுதான் டார்ச்சோடு இறங்கினேன். எந்தக் கட்டையிலும் முனை இறங்கவில்லை. தடுப்புச் சுவர் வரிச்சும் களிமண்ணும், மேலே வைக்கோல் துண்டுகள் தெரிகின்றன. கூடத்துப் பக்கம் கரி. மறுபக்கம் தேன் நிறத்தில், நேற்று இழைத்த மாதிரி மரம். ஒரு கட்டையில் நான்கு கோடு இருக்கிறது, சின்னவள் விரல் வைத்து எண்ணினாள்.