கூவத்தைச் சுத்தம் செய்யச் சொல்லும் மனுவில் கூவக்கரைக்காரி கையெழுத்துப் போடலாமா?

மீன்காரம்மா மகள் (கேள்வி)

வணக்கம். பெருங்குடியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வடிவமைப்புப் பிரிவில் ஒரு தம்பி இருக்கிறான். நல்ல பையன். பிளாஸ்டிக் பையைக் கையால் தொடமாட்டான், மதியச் சாப்பாடு எவர்சில்வர் டப்பாவில்தான். போன வாரம் ஒரு மனுவை நீட்டினான். கூவத்தை மீட்க வேண்டும் என்று ஆறு கோரிக்கைகள். ஐந்தைப் படித்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினேன். ஆறாவது இப்படி இருந்தது: "கரையோர ஆக்கிரமிப்புகளை ஒன்று விடாமல் அகற்ற வேண்டும்." மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த ஆக்கிரமிப்பு நான்தான் என்று அவனுக்குத் தெரியாது.

சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவக்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பிக் காசிமேட்டுக்குப் போவார். நாலு பேர் சேர்ந்து ஏலம் எடுத்துப் பங்கு பிரித்துக்கொண்டு, சங்கரா, காரப்பொடி, நெத்திலி என்று அன்றைக்குக் கிடைத்ததை அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு ஆறு மணிக்குச் சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையில் உட்கார்ந்துவிடுவார். பத்து மணிக்கு வீட்டில் இருப்பார். எங்கள் படிப்பு முழுக்க அந்தக் கூடையில் வந்தது.

2017 பிப்ரவரியில் எங்களை நகரின் தெற்கு விளிம்பில் அரசு கட்டிய பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே கணக்கெடுக்க வந்தவர்கள் எல்லாக் கதவிலும் நீலப் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். லாரி வந்த அன்று தங்கைக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. மூன்று குடும்பத்துக்கு ஒரு லாரி. பாத்திரம், டிவி, துணிமூட்டை எல்லாம் ஏற்றிய பிறகு அம்மா, "கதவைக் கழற்று" என்றார். பழைய மரக்கடையில் பலகை வாங்கி அப்பாவே இழைத்துப் போட்ட கதவு அது. ஜேசிபி ஓட்டுநரே இறங்கி வந்து கீல் திருகாணியைக் கழற்றிக் கொடுத்தார். அவரும் எங்கோ இதுபோன்ற ஒரு வீட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம், கேட்கவில்லை. லிப்ட் ஓடாத கட்டடத்தில் ஏழாவது மாடிக்கு நானும் மாமாவும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். இப்போது அது பரணில் தட்டாகக் கிடக்கிறது, எண் எழுதிய பக்கம் கீழே பார்த்தபடி. பாயில் மல்லாந்து படுத்தால் அந்த நீல எண்தான் கண்ணில் படும். தட்டின் மேல் கோணியில் சுற்றிய அம்மாவின் அரிவாள்மணை.

அரிவாள்மணை அங்கே ஏறியதற்குக் காரணம் எளிது. பெரும்பாக்கத்திலிருந்து காசிமேட்டுக்கு விடியற்காலையில் பஸ் கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுத்தால் மீனில் நிற்பது அதற்கே சரியாகிவிடும். நான்கு மாதம் முட்டிப் பார்த்தார். பிறகு ஓஎம்ஆரில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் கழிவறை துடைக்கும் வேலைக்குப் போனார். இன்றும் அதே வேலைதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கூவம் எங்களுக்கும் நாறத்தான் செய்தது. கரையில் இருப்பவர்களுக்கு மூக்கு மரத்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு மே மாதம் அங்கே சோறு உண்டு பார்க்க வேண்டும். எங்கள் சந்துக்குக் கழிவுநீர் இணைப்பு கிடையாது, நாங்களும் ஆற்றில்தான் விட்டோம். ஐப்பசியில் மேல்மழை இறங்கினால் இரண்டு நாள் மட்டும் செம்மண் நிறத்தில் புதுத்தண்ணீர் ஓடும். நாற்றமே இருக்காது. அந்த இரண்டு நாளும் ஆயா திண்ணையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

அந்த ஆறு சுத்தமாக வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லாமலா இருக்கும்? ஆனால் ஆறாவது கோரிக்கைக்குக் கீழே என் பெயரை எழுதக் கை வரவில்லை. போடாவிட்டால் நான் ஆற்றுக்கு எதிரியா? இதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

நீர்வழி நடையன்

அக்கா, உங்கள் கதை வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் மனுவின் பக்கம் நின்றே பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்நிலைகளைப் பார்க்கப் போகிற ஆள். மேலே அணைக்கட்டுகளில் தண்ணீரைப் பிரித்துவிடுவதால் மழைக்காலம் தவிரக் கூவத்துக்கு நல்ல நீர் வரத்து கிடையாது. முகத்துவாரத்தில் நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே மணல் மேடு அடைத்துக்கொள்கிறது. இந்த நிலையில் வெள்ளம் வந்தால் ஆற்றுக்கு இருக்கிற அகலமாவது மிஞ்ச வேண்டும். 2015 டிசம்பரில் முதலில் மூழ்கியவை கரையோர வீடுகள்தான். அங்கே மக்கள் இருக்கட்டும் என்று சொல்வது அவர்கள் உயிரோடு விளையாடுவது இல்லையா? அனுப்பிய விதம் தவறு. அனுப்பியதே தவறு என்று சொல்ல முடியவில்லை.

அண்ணாநகர் மேற்கு

அரசு நிலத்தில் வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, இலவசமாக அடுக்குமாடி வீடும் வாங்கிக்கொண்டு, இப்போது ஆற்றைச் சுத்தம் செய்வதிலும் நியாயம் பேசுகிறீர்கள். நான் என் வீட்டுக்கு இருபது வருடம் கடன் கட்டுகிறேன். எனக்கு யார் மனு எழுதுவார்கள்?

மீன்காரம்மா மகள்

அண்ணாநகர் ஐயாவுக்கு: இலவசம் என்பது பாதிதான் உண்மை. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை, பத்திரம் இல்லை. உங்கள் கடன் முடிந்தால் வீட்டை விற்கலாம், அடமானம் வைக்கலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை. என் மாமா மகன் காவலாளி வேலை கேட்டுப் போனபோது முகவரியைப் படித்துவிட்டுத்தான் "பிறகு சொல்கிறோம்" என்றார்கள். உங்கள் கடன் சுமையை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த ஊரில் நிலத்தின் விலை அந்த அளவுக்கு ஏறியது என் அம்மாவால் அல்ல.

நடையன் தம்பிக்கு: நீங்கள் சொல்வது அந்தப் பையன் சொன்னதுபோலவே இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து எங்களைக் கொண்டுவந்த இடத்தில் கார்த்திகை வந்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. ஏழாவது மாடி என்பதால் வீட்டுக்குள் வராது, அவ்வளவுதான்.

பெரம்பூர் சங்கத்துக்காரர்

தோழர், எனக்கு எழுபத்திரண்டு வயது. மகளே என்று கூப்பிட்டால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நடையன் ஆற்றின் அகலம் பற்றிப் பேசினார். பேசட்டும், நானும் அதையே பேசுகிறேன். துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அன்றைய பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். தூண்கள் எங்கே? கூவத்துக்குள். ஆற்றின் ஓட்டத்தைத் தூண்கள் மறிக்கும் என்று சொல்லி 2012இல் மாநில அரசே வேலையை நிறுத்தியது. பிறகு என்ன ஆயிற்று? 2022 மே மாதம் இன்னொரு பிரதமர் வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார், இந்த முறை இரண்டு அடுக்கு. பத்து அடி அகலக் குடிசை ஆற்றை மறிக்கிறதாம், கான்கிரீட் தூண் மறிக்காதாம். அடிக்கல்லில் பிரதமர் பெயர் இருந்தால் தண்ணீர் பயந்து ஒதுங்கிப் போகும் போலிருக்கிறது.

பக்கிங்ஹாம் கால்வாயைப் போய்ப் பாருங்கள். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பறக்கும் ரயில் நிலையங்கள் எதன் மேல் நிற்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற பட்டம், கிடைத்தது, இனிப்பு வழங்கினோம். அதற்குள் அதில் பெரும்பகுதியை நகரம் விழுங்கி முடித்திருந்தது. பெருங்குடிக் குப்பைமேடு அதில்தான். மத்திய அரசின் காற்றாலை ஆய்வு நிறுவனம்கூட அங்கேதான். அந்தச் சதுப்புக்குத் தண்ணீர் வடிகிற பள்ளப்பகுதியில்தான் மகளே, உன்னை வெள்ளத்திலிருந்து 'காப்பாற்றி'க் குடிவைத்திருக்கிறார்கள். உன் அம்மா துடைக்கிற கழிவறையின் தரைக்குக் கீழே எந்த ஏரியின் பெயர் இருக்கிறது என்று பழைய வருவாய் வரைபடத்தில் தேடிப் பார்.

ஆக, ஆக்கிரமிப்பு என்ற சொல்லுக்கு அகலக் கணக்கு கிடையாது. ஆள் கணக்குத்தான். யாரை எளிதில் தூக்க முடியுமோ அவர் ஆக்கிரமிப்பாளர்.

சூழல் என்றால் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எங்கள் சங்கத்திலேயே ஒரு காலத்தில் பேசினோம், நானும் பேசியிருக்கிறேன். பிரேசிலில் சிக்கோ மெண்டிஸ் என்று ஒருவர் இருந்தார். ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி, சங்கத் தலைவர். காடு போனால் தங்கள் பிழைப்பும் போகும் என்று மரம் வெட்ட வந்தவர்களை மறித்து நின்றார்கள். 1988 டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். காட்டைக் காப்பாற்ற ரப்பர்த் தொழிலாளியை முதலில் காட்டை விட்டு விரட்டு என்று அங்கே எந்த மனுவும் எழுதியிருக்க முடியாது. கூவத்துக்கு மட்டும் ஏன் அப்படி எழுதுகிறோம்?

கையெழுத்துப் போடாதே. போடாமல் வீட்டில் உட்கார்ந்தும் விடாதே.

சட்டம் மூன்றாம் ஆண்டு

அக்கா, ஐயாவின் கோபத்துக்கு ஒரு சட்டக் குறிப்பு மட்டும். தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் தொடங்கியது 1970. இருந்த இடத்திலேயே கட்டிக்கொடுப்பதுதான் அன்றைய வழக்கம், நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் அப்படித்தான் கட்டினார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பகுதியைக் குடிசைப்பகுதி என்று அறிவித்தால்தான் அங்கே இருப்பவர்களுக்குச் சில பாதுகாப்புகள் வரும். அந்த ஆண்டே சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் மேலும் 17. அதன் பிறகு கதவு சாத்தப்பட்டது. அறிவிக்காத வரை நீங்கள் 'ஆட்சேபனைக்குரிய புறம்போக்கில் இருப்பவர்', அவ்வளவே. 2021இல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். அதே 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைக்கும் உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. உங்கள் அம்மாவின் அரிவாள்மணை அந்தத் தீர்ப்புக்குள் வருகிற பொருள்.

மனுவில் ஆறாவது கோரிக்கையை மாற்றி எழுதிக் கொடுத்துப் பாருங்களேன். மனு எழுதியவர்கள் வேறு வரியை யோசித்தே இருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம்.

நீர்வழி நடையன்

உயர்மட்டச் சாலையின் தூண்களைப் பற்றி எங்கள் குழுவும் மனு எழுதியதில்லை. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. சாலை வந்தால் விமான நிலையம் போக வசதி என்று எங்களில் பாதிப்பேர் நினைக்கிறோம்.

மீன்காரம்மா மகள்

எல்லோருக்கும் நன்றி. பெரம்பூர் ஐயா, மகள் என்றே கூப்பிடுங்கள். தாமதமாக எழுதுகிறேன், ஆண்டுக் கணக்கு முடிக்கிற மாதம்.

போன ஞாயிறு அந்தத் தம்பியைச் சாப்பிட வரச் சொன்னேன். முகவரியைச் சொன்னபோது ஒரு நொடி நின்றுவிட்டு, "வருகிறேன் அக்கா" என்றான். சோழிங்கநல்லூரில் இறங்கி வேறு பஸ் மாறி வந்தான். லிப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கியபடி பாயில் உட்கார்ந்தவன் தலையை நிமிர்த்தியதும், "அது என்ன எண்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார், "எங்க வீடு" என்று.

அம்மா அன்று பரணிலிருந்து அரிவாள்மணையை இறக்கச் சொல்லியிருந்தார். விருந்தாளிக்கு வெட்டி வாங்கிய மீனைப் போடுவதா என்று ரோஷம். முழுச் சங்கராவாக வாங்கிவந்து தாமே செதில் தேய்த்து வெட்டினார். இத்தனை வருடம் கழித்தும் கை தடுமாறவில்லை. மணைதான் துருவேறி இருந்தது, புளி போட்டுத் தேய்த்தோம்.

சாப்பிட்ட பிறகு நான் எழுதி வைத்திருந்த ஆறாவது கோரிக்கையைக் கொடுத்தேன்: "கூவத்துக்குள் நிற்கும் கட்டுமானங்கள் எல்லாவற்றையும், சாலைத் தூண்கள் உட்பட, கணக்கெடுத்து வெளியிட வேண்டும். கரையிலிருந்து அகற்றியவர்களுக்கு அவர்கள் தொழில் செய்யும் இடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் வீடு தர வேண்டும். கழிவுநீரை ஆற்றில் விடுபவர் யாராக இருந்தாலும், அரசுத் துறையாக இருந்தாலும், பெயரோடு சொல்ல வேண்டும்." ஒன்றுக்கு மூன்று ஆகிவிட்டது, என்ன செய்ய.

அவன் தன் படியில் பழைய வரியை அடித்துவிட்டான். ஆனால் குழுவில் மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம் என்றான். மனுவில் அரசியல் கலந்தால் கையெழுத்துக் குறையும் என்று ஒருவர் இப்போதே சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை மாலை கூட்டம், நீங்களும் வந்து பேசுங்கள் என்றான்.

நான் யோசிப்பதற்குள் அம்மா குறுக்கிட்டார். "சனிக்கிழமை எனக்கு ரெண்டாவது ஷிப்ட். ஞாயித்துக்கிழமை வைக்கச் சொல்லு, நான் வர்றேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.