போஸ்ட்கிரெஸ் 14: வேக்யூம் ஓடி முடிகிறது, டெட் ரோ மட்டும் குறையவே இல்லை

கிடங்குக்காரன்:
எங்கள் கிடங்கு மென்பொருளின் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14. சரக்கு நகர்வு டேபிளில் உயிரோடு இருப்பவை ஏறக்குறைய 3 கோடி ரோ. டெட் ரோ (மாற்றியதும் அழித்ததும் விட்டுச்சென்ற பழைய பிரதிகள்) 20 கோடியைத் தாண்டிவிட்டது. அவற்றைத் தானாகத் துடைக்க வேண்டிய ஆட்டோவேக்யூம் விடாமல் ஓடுகிறது, லாகில் பிழை எதுவும் இல்லை. கையால் வேக்யூம் வெர்போஸ் கொடுத்தால், இந்த டெட் ரோக்களை இப்போது நீக்க முடியாது என்று சொல்லி, ஓல்டஸ்ட் எக்ஸ்மின் (இதற்குப் பிந்தைய டெட் ரோவைத் தொடக் கூடாது என்ற டிரான்சாக்ஷன் எண்) என ஒரு எண்ணைக் காட்டுகிறது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே எண்தான்.

இப்போதைய செஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் தேடினேன், பழைய டிரான்சாக்ஷன் எதுவும் இல்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தாயிற்று. டேபிளையே புதிதாக எழுதும் வேக்யூம் ஃபுல் போட்டுவிடலாமா என்று மேலாளர் கேட்கிறார். போடலாமா?

தென்காற்று:
ஆட்டோவேக்யூம் ஸ்கேல் ஃபேக்டர் இயல்பாக 0.2. அதாவது ஐந்தில் ஒரு பங்கு ரோ செத்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். அந்த டேபிளுக்கு மட்டும் 0.02 ஆக்கிப் பாருங்கள்.

பழைய டிபிஏ:
தென்காற்று சொல்வது வேறு நோய்க்கு நல்ல மருந்து. இங்கே வேக்யூம் தாமதமாக வரவில்லை, வந்தும் கை கட்டப்பட்டு நிற்கிறது. யாரோ ஒருவருக்கு அந்தப் பழைய ரோக்கள் இன்னும் தேவைப்படலாம் என்று சர்வர் நம்புகிறது. அந்த யாரோ யார் என்று தெரியாமல் எந்த அமைப்பையும் தொடாதீர்கள்.

வேக்யூம் ஃபுல் வேண்டவே வேண்டாம். நீக்க முடியாத டெட் ரோக்களை அதுவும் அப்படியே புது கோப்புக்கு நகலெடுத்து வைக்கும். முழு டேபிளையும் பூட்டியதுதான் மிச்சமாகும்.

முதலில் ஒன்று: எந்த யூசரில் பார்த்தீர்கள்? சூப்பர்யூசரோ பிஜி_மானிட்டர் ரோலோ இல்லாவிட்டால், மற்றவர்களுடைய செஷன்களின் விவரம் காலியாகத்தான் தெரியும். அது சரியாக இருந்தால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் எக்ஸ்மின் நெடுவரிசையில் மதிப்புள்ள, செயல்படாத ஸ்லாட் (நகல் சர்வருக்காகத் தரவைப் பிடித்து வைக்கும் பதிவு) இருக்கிறதா? பாதியில் நிற்கும் பிரிப்பேர்டு டிரான்சாக்ஷன்களைக் காட்டும் பிஜி_பிரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸில் ஏதாவது இருக்கிறதா? இரண்டுமே ரீஸ்டார்ட்டுக்கு அசையாதவை, எனக்குச் சந்தேகம் இரண்டாவதன் மேல்.

கிடங்குக்காரன்:
சூப்பர்யூசர்தான். ஸ்லாட் ஒன்றுமில்லை. பிரிப்பேர்டில் ஒரே ஒரு வரிசை இருக்கிறது! ஓனர் எங்கள் ஜாவா அப்ளிகேஷனின் யூசர். தேதி பல மாதங்களுக்கு முன்பு. அன்றைக்கு அப்ளிகேஷன் சர்வர் திடீரென்று விழுந்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது ரோல்பேக் (ரத்து) செய்துவிடலாம் அல்லவா?

பழைய டிபிஏ:
பொறுங்கள், ஆபத்து இங்கேதான் இருக்கிறது. உங்கள் அப்ளிகேஷன் இரண்டு டேட்டாபேஸில் ஒரே நேரத்தில் எழுதுகிறது என்று ஊகிக்கிறேன். இரண்டும் "தயார்" என்று சொன்ன பிறகுதான் ஒருங்கிணைப்பாளர் கமிட் (உறுதி செய்) சொல்லும். தயார் சொன்ன பக்கம் தானாகப் பின்வாங்கக் கூடாது, அதனால் அந்த நிலை வட்டில் எழுதப்படுகிறது, ரீஸ்டார்ட் ஆனாலும் நிற்கும். உங்கள் கதையில் நடுவே ஒருங்கிணைப்பாளர் விழுந்துவிட்டது.

மறுபக்கம் கமிட் ஆகியிருந்தால், இங்கே ரோல்பேக் செய்வது பில் போட்ட சரக்கைக் கிடங்கிலிருந்து கழிக்காமல் விடுவது போல. அந்த டிரான்சாக்ஷனின் ஐடியை வைத்து அப்ளிகேஷன் சர்வரின் டிரான்சாக்ஷன் லாகிலும் மறு டேட்டாபேஸிலும் தேடுங்கள். அங்கே கமிட் என்றால் இங்கே கமிட் பிரிப்பேர்டு, இல்லையென்றால் ரோல்பேக் பிரிப்பேர்டு. அதே டேட்டாபேஸில், ஓனராகவோ சூப்பர்யூசராகவோ இருந்துதான் கொடுக்க முடியும், டிரான்சாக்ஷன் பிளாக்குக்குள் கொடுக்க முடியாது.

நெட்டிலிங்கம்:
இடையில் ஒன்று. பிரிப்பேர்டு டிரான்சாக்ஷன் பூட்டையும் விடாது. அது தொட்ட டேபிளில் வேக்யூம் ஃபுல் போட்டிருந்தால், அதுவும் காத்திருக்கும், அதன் பின்னால் வரும் சாதாரண செலக்ட்களும் வரிசையில் நிற்கும். யார் தடுக்கிறார் என்று பிஜி_பிளாக்கிங்_பிட்ஸைக் கேட்டால் 0 என்று பதில் வரும். கொல்வதற்கு பிராசஸே இருக்காது.

கிடங்குக்காரன்:
பில்லிங் பக்கம் அந்த ஐடி கமிட் ஆகவில்லை, அந்த விற்பனையை ஊழியர்கள் அன்றே மறுபடி பதிந்திருக்கிறார்கள். ரோல்பேக் பிரிப்பேர்டு கொடுத்தேன். அடுத்த வேக்யூமில் டெட் ரோ எல்லாம் போயிற்று. ஆனால் டேபிள் கோப்பின் அளவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது?

பழைய டிபிஏ:
அப்படித்தான் இருக்கும். காலி இடம் இனி வரும் ரோக்களுக்குப் பயன்படும், கோப்பின் வால் பகுதி காலியாக இருந்தால் மட்டுமே வட்டுக்குத் திரும்பும். கட்டாயம் சுருக்க வேண்டுமானால் பிஜி_ரீபேக் என்ற தனிக் கருவி. டேபிளுக்கு பிரைமரி கீயோ நாட் நல் நெடுவரிசை மேல் யூனிக் இண்டெக்ஸோ வேண்டும், டேபிளும் இண்டெக்ஸும் சேர்ந்த அளவைப் போல இரு மடங்கு காலி வட்டு வேண்டும்.

அப்புறம், மேக்ஸ்_பிரிப்பேர்டு_டிரான்சாக்ஷன்ஸ் என்ற அமைப்பு இயல்பில் 0. யாரோ ஏற்றியிருக்கிறார்கள். அப்ளிகேஷனுக்கு உண்மையிலேயே தேவையில்லை என்றால் பழையபடி 0 ஆக்குங்கள், ஸ்டாண்ட்பை (நகல் சர்வர்) இருந்தால் முதலில் பிரைமரியில் (மூல சர்வரில்). தேவை என்றால், பத்து நிமிடத்துக்கு மேல் பழையதாக ஒரு பிரிப்பேர்டு வரிசை இருந்தாலே அலாரம் அடிக்கும்படி கண்காணிப்பில் சேர்த்துவிடுங்கள்.