வெஸ்ட்மின்ஸ்டர் சம்மதிக்காமல் ஸ்காட்லாந்து வாக்கெடுப்பு நடத்தக் கூடாதா?

வடக்குவாசல்:
2022 நவம்பர் 23 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. தனிநாடு கேட்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2021 தேர்தலில் மொத்தம் 129 இடம். தனிநாடு கேட்கும் எஸ்.என்.பி.க்கு (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) 64, அதையே கேட்கும் பசுமைக் கட்சிக்கு 8. இதற்குப் பிறகும் வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டனில் உள்ள பிரிட்டன் நாடாளுமன்றம், தலையசைக்க வேண்டும் என்றால் மக்கள் போட்ட ஓட்டுக்கு என்ன மதிப்பு?

சட்டமேசை:
கோபம் புரிகிறது, ஆனால் தீர்ப்பில் பிழை இல்லை. 1998ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தின் 5ஆம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆகிய இரு நாடுகளின் ஒன்றியம் பற்றிய விஷயம் வெஸ்ட்மின்ஸ்டருக்கே உரியது என்று இருக்கிறது. வாக்கெடுப்பு வெறும் கருத்துக் கேட்புதானே, அதனால் ஒன்றியம் கலைந்துவிடாதே என்ற வாதமும் வந்தது. மக்கள் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் அதை எந்த அரசும் ஒதுக்கித்தள்ள முடியாது, ஆகவே ஒன்றியத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு என்றது நீதிமன்றம். மக்கள் வாக்குக்கு மதிப்பு உண்டு என்பதால்தான் தடையே!

2014 வாக்கெடுப்பை முறையாகச் செய்தார்கள். 2012 அக்டோபரில் அன்றைய பிரிட்டன் பிரதமர் கேமரனும் ஸ்காட்லாந்து முதல்வர் சாமண்டும் எடின்பரோவில் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தற்காலிகமாகத் தரும், அதே 1998 சட்டத்தின் 30ஆம் பிரிவு ஆணை வந்தது. முடிவு 55.3க்கு 44.7, ‘இல்லை’ வென்றது.

வடக்குவாசல்:
அந்த செப்டம்பர் 18 அன்று நானும் கிளாஸ்கோவில் வரிசையில் நின்றேன். கையில் இந்தியப் பாஸ்போர்ட்தான். இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கும் ஓட்டு உண்டு என்று விதி இருந்தது. எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். 16 வயதானவர்களுக்கும் அன்றைக்கு ஓட்டு. சீட்டில் ஒரே கேள்வி, இரண்டே கட்டம். அவள் வெளியே வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் வளர்வதற்குள், 2016இல், ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தும் வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிலைமை அடியோடு மாறிய பிறகு மறுபடி கேட்கக் கூடாதா?

சட்டமேசை:
கேட்கலாம், யாரிடம் என்பதுதான் கேள்வி. தேர்தல் இடங்களைக் காட்டுகிறீர்கள், சரி. 2019இல் வெஸ்ட்மின்ஸ்டருக்கு 48 பேரை அனுப்பிய எஸ்.என்.பி., 2024இல் 9 பேரோடு நின்றது. இடங்களை வைத்து நாட்டைப் பிரிப்பதென்றால் எந்த வருடத்துக் கணக்கை எடுப்பது?

தபால்பெட்டி:
இடையில் ஒரு விஷயம். மறைந்த அரசி இரண்டாம் எலிசபெத்தின் காலத்தில் ஸ்காட்லாந்தில் வைத்த சிவப்புத் தபால் பெட்டிகளைப் பாருங்கள். அவரது முத்திரை எழுத்து இருக்காது, ஸ்காட்லாந்து மகுடம் மட்டும் இருக்கும். இங்கே முதலாம் எலிசபெத் என்று ஒருவர் ஆண்டதே இல்லை. பிறகு இரண்டாம் எலிசபெத் எப்படி வருவார் என்று வழக்கே போட்டார்கள். வழக்கு தோற்றது. ஆனால் 1953இல் நீதிபதி கூப்பர் பிரபு அதே தீர்ப்பில், நாடாளுமன்றத்துக்கு எல்லையற்ற அதிகாரம் என்பது இங்கிலாந்தின் கொள்கை, ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அதற்கு இணை இல்லை என்று எழுதினார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் முழுப் பதில் சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது வட அயர்லாந்து. அங்கே பெரும்பான்மை பிரிந்து அயர்லாந்தோடு சேர விரும்புவதாகத் தோன்றினால் வாக்கெடுப்பு வைத்தே ஆக வேண்டும் என்று 1998 வட அயர்லாந்துச் சட்டம் சொல்கிறது. ஒரே நாடு, ஒரே வருடத்துச் சட்டங்கள். ஒருவருக்குக் கதவு வைத்தார்கள், மற்றவருக்குச் சுவர்.

சட்டமேசை:
அங்கேயும் லண்டன் அமைச்சருக்குத் தோன்ற வேண்டும். ஒருமுறை நடத்தினால் ஏழு வருடம் கழித்துத்தான் அடுத்தது. ஆனால் வழி என்று ஒன்று எழுத்தில் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்காட்லாந்துக்கும் அப்படி ஒரு பிரிவு வந்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

வடக்குவாசல்:
அதை எழுதும் அதிகாரமும் வெஸ்ட்மின்ஸ்டரிடம்தானே இருக்கிறது நண்பரே? நான் முதலில் கேட்டதும் அதைத்தான்.