புதுப்பிப்பு: முப்பரிமாண அருங்காட்சியகத்தில் சுட்டியின்றி நடமாடுவது

உலாவியில் இயங்கும் முப்பரிமாண அருங்காட்சியகத்தைப் பார்வையற்றோரும், சுட்டியை (மவுஸை) இழுக்க இயலாதோரும் எவ்வாறு சுற்றிப் பார்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். வந்த யோசனைகளைச் செய்து பார்த்தோம்.

உலாவியில் முப்பரிமாணக் காட்சிகளை வரையும் நுட்பமான வெப்ஜிஎல் தரும் காட்சி முழுவதும் ஒரே கேன்வாஸ் பரப்பாக, அதாவது ஒற்றைப் படம்போல, இருப்பதால், அதிலுள்ள சிலையோ கதவோ திரையிலுள்ளதைப் பேச்சாக வாசிக்கும் திரைவாசிப்பானுக்குத் தனிப் பொருளாகத் தெரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு காட்சிப்பொருளுக்கும் இணையாகக் கண்ணுக்குத் தெரியாத எச்டிஎம்எல் பொத்தான் ஒன்றை அமைத்து, டேப் விசையால் அதை அடைந்ததும் கேமரா அப்பொருளின் முன்னே சென்று நிற்குமாறு செய்தோம். உடனே “வெண்கல விளக்கு, அடுத்தது இடப்புறக் கதவு” என்று என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வாசிக்கிறது. கேமரா வழுக்கிச் செல்வது சிலருக்குத் தலைசுற்றலைத் தந்ததால், கணினியில் அசைவைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்திருப்போருக்கு அது நேரே தாவிவிடும்.

இணையத்தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகளின் பதிப்பாக 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2, இழுத்துச் செய்யும் செயல்களுக்கு இழுக்காமல் செய்யும் மாற்றுவழியையும் கேட்கிறது. அதன்படி, காட்சியைத் திருப்புவதற்கு வைத்த பொத்தான்களை மற்றவர்களும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒருவர் பரிந்துரைத்த கேன்ட்ரோலர் என்ற, பார்வையற்றோர் மெய்நிகர் உலகில் கைக்கோலால் தடவி நடக்க உதவும் கருவியைப் பற்றியும் படித்தேன். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட அக்கருவியில், மெய்நிகர் கோல் சுவரில் முட்டினால், இடுப்பில் அணிந்த தடுப்பான் கையிலுள்ள கோலை உண்மையாகவே நிறுத்திவிடும். அருமையான வடிவமைப்புதான், ஆனால் தனி வன்பொருள் வேண்டும் என்பதால் எங்கள் தளத்துக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக, திசையுணர்த்தும் ஒலிகளைச் சேர்க்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.