பழைய பீட்டில் காரின் துருப்பிடித்த தரைத்தகட்டில் ஒட்டுப் போடுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 1969ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்றைச் சில மாதங்களாகச் சீர் செய்து வருகிறேன். பின் இருக்கையைக் கழற்றியபோது, பேட்டரி உட்காரும் இடத்தைச் சுற்றித் தரைத்தகடு செதில் செதிலாக உரிந்து கிடந்தது. திருப்புளியால் லேசாகக் குத்தியதும் அது மறுபக்கம் போய்விட்டது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்திலும் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. மற்ற இடங்கள் தட்டினால் கணீரென்று ஒலிப்பதால், இவ்விரண்டு இடங்களில் மட்டும் ஒட்டுப் போடலாம் என்று எண்ணுகிறேன்.

என்னிடம் சிறிய மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்து உருகிப் பற்றவைக்கும் வகை) இயந்திரமும் 0.8 மி.மீ. கம்பியும் உள்ளன. வெட்டியெடுத்த பழைய துண்டில் பழகிப் பார்த்தால், இரண்டு விநாடிக்கு மேல் நிறுத்தினாலே தகடு உருகி ஓட்டை விழுகிறது. புதுத் தகட்டைப் பழையதன் மேல் ஏற்றி வைத்துப் பற்றவைப்பதா, விளிம்போடு விளிம்பு சேர்ப்பதா? ஓரத்தில் மிஞ்சும் துருவுக்குத் துரு மாற்றும் திரவம் பூசினால் போதுமா?

பதில் 1

போதாது. அந்தத் திரவம் மேற்பரப்பில் படிந்த துருவுக்கு உதவும். அரித்துப் போன உலோகத்தை அது திருப்பித் தராது. உங்களுக்கு ஓட்டை விழுவதற்கு இயந்திரத்தைவிட அந்தப் பழைய துண்டே காரணமாக இருக்கலாம். மேலே பார்க்க முழுதாக இருந்தாலும், அடிப்பக்கம் அரித்துப் பாதிக் கனத்துக்கு வந்துவிட்ட தகட்டில் எவ்வளவு கைதேர்ந்தவர் பற்றவைத்தாலும் அது ஊதிக்கொண்டுதான் போகும். ஆகவே, மேலும் கீழும் கம்பித் தூரிகையால் தேய்த்து, குழிகள் இல்லாத பளிச்சென்ற தகடு வரும் வரை வெட்டுங்கள். வெட்டி முடிக்கும்போது ஓட்டை நீங்கள் நினைத்ததைப்போல் இரு மடங்கு ஆகியிருந்தால் வியப்படைய வேண்டாம். எனக்கு ஒருமுறை மூன்று மடங்கு ஆயிற்று.

வெட்டின் மூலைகளை வட்டமாக விடுங்கள். கூரான மூலையில் வெப்பமும் இழுவிசையும் குவியும். அட்டையில் மாதிரி வெட்டி, அதைக் கொண்டு 1 மி.மீ. மென் எஃகுத் தகட்டில் ஒட்டுத் துண்டை வெட்டியெடுங்கள். அதைப் பழையதன் மேல் ஏற்றாமல், விளிம்போடு விளிம்பாகச் சேருங்கள். விளிம்புகளுக்கிடையே கம்பியின் கனத்துக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி இருந்தால் உருகல் அடிவரை இறங்கும். 0.8 கம்பியைக் கழற்றிவிட்டு 0.6 போடுங்கள்; ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு இருந்தால் வேலை இன்னும் சுலபம். வாயு இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கம்பி மெல்லிய தகட்டில் பெரும் தொல்லை தரும்.

கோடு இழுக்கவே இழுக்காதீர்கள். ஒரு நொடிப் புள்ளி ஒன்று, பிறகு அதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் இன்னொன்று என்று இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைத்து வாருங்கள். பக்கத்திலேயே அடுத்த புள்ளியை வைக்கும் முன், வெறுங்கையால் தொட முடியும் அளவுக்கு அது ஆறட்டும். அவசரப்பட்டால் தகடு அப்பளம்போல் நெளிந்து நிற்கும். எங்காவது ஓட்டை விழுந்தால், பின்னால் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிரப்புங்கள். எஃகு செம்பில் ஒட்டாது.

பதில் 2

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் பற்றவைக்கும் முன் ஒன்றை மறக்கக் கூடாது: பீட்டிலில் பெட்ரோல் தொட்டி முன்பக்கமும் எஞ்சின் பின்பக்கமும் இருப்பதால், பெட்ரோல் குழாய், தரையின் நடுவே நீளவாக்கில் மேடாக ஓடும் டனலுக்குள்தான் செல்கிறது. நீங்கள் பற்றவைக்கப் போகும் தகடு அந்த டனலோடு இணைந்திருக்கிறது. தொட்டியை வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள், குழாயை வடித்துக் காலியாக்குங்கள், பேட்டரியையும் கழற்றுங்கள். அடியில் பூசிய தார்ப்பூச்சைப் பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டி எடுங்கள். அது உருகி, எரிந்துகொண்டே சொட்டும். தீயணைப்பானோடு ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

எண்ணெய்ப் பிசுக்கை நீக்க, குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. அதன் ஆவி வெல்டிங் வெப்பத்திலும் ஒளியிலும் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும்.

பதில் 3

முதலில் பதில் எழுதியவரோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். தகட்டின் நடுவே விளிம்போடு விளிம்பு சேர்ப்பது சரிதான். ஆனால் ஒட்டு டனலைத் தொடும் இடத்தில் தொழிற்சாலையிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் புள்ளி வெல்டிங் செய்திருப்பார்கள். அங்கே நாமும் அப்படியே செய்வதுதான் முறை. மேல் தகட்டில் 8 மி.மீ. துளைகள் போட்டு, துளை வழியே அடித்தகட்டைப் பற்றவைத்து நிரப்புங்கள். இரண்டு தகடுகளும் ஒட்டும் பரப்பில் துத்தநாக வெல்டிங் பிரைமர் பூசி, துளைக்கு நேராக மட்டும் அதைச் சுரண்டிவிடுங்கள். ஏற்றிய இணைப்பின் குறை, நடுவில் ஈரம் தங்குவதுதான். இரு பக்கமும் இணைப்பு சீலன்ட் பூசினால் அது பெரிதும் தீரும்.

பேட்டரி இடத்தில் அரித்தது வெறும் நீராக இருக்காது. கசிந்த அமிலமாகத்தான் இருக்கும். வெட்டியபின் மீதித் தகட்டைச் சமையல் சோடா கரைத்த நீரால், நுரைப்பது நிற்கும் வரை கழுவி, நன்றாக உலர்த்துங்கள். தரைத்தகட்டோடு போல்ட் போட்டு இணையும் பக்கவாட்டுச் சூடுகாற்றுப் பெட்டிகளையும் (கதவுகளுக்குக் கீழே சூடான காற்றைக் கொண்டுசெல்லும் பெட்டி வடிவக் குழல்கள்) திருப்புளியால் குத்திப் பாருங்கள். அவை உளுத்திருந்தால், கதவுகளின் குறுக்கே தாங்குகம்பி கொடுக்காமல் எதையும் வெட்டாதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று வெட்டினேன். கால் வைக்கும் இடத்தில் ஓட்டை ஒரு முழ நீளத்துக்குப் போய் நின்றது. சூடுகாற்றுப் பெட்டிகள் நன்றாகவே இருக்கின்றன. பேட்டரிப் பக்கமோ வெட்ட வெட்டக் குழிகள் வந்துகொண்டே இருந்ததால், அங்கே ஒட்டுப் போடும் எண்ணத்தையே விட்டுவிட்டு, அந்தப் பக்கத்துத் தரைத்தகடு முழுவதையும் புதிதாக வாங்கிப் போட முடிவு செய்துவிட்டேன். 0.6 கம்பியில் புதுத் தகட்டுத் துண்டுகளை வைத்துப் பழகியபோது இருபது புள்ளிகளில் ஒன்றுதான் ஓட்டையானது. பெட்ரோல் தொட்டியை நாளை இறக்குகிறேன்.