மிஸ்டரி தீவில் கப்பல் ஒரு பகல் நிற்கிறது: முழங்கால் வலி உள்ள அம்மாவை இறக்கலாமா?

தாழைமடல் கேட்கிறார்:

வணக்கம். சிட்னியிலிருந்து புறப்படும் கப்பலில் நான், கணவர், 9 வயது மகன், என் அம்மா ஆகிய நால்வரும் போகிறோம். நூமியாவுக்கு அடுத்த நிறுத்தம் மிஸ்டரி தீவு, வனுவாட்டு நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. காலை 8 மணிக்கு நங்கூரம் போட்டு மாலை 5 மணிக்குக் கிளம்பிவிடுமாம். அங்கே துறைமுகம் இல்லை, கப்பலின் டெண்டர் படகில்தான் கரைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கவலையே அந்தப் படகுதான்.

அம்மாவுக்கு வயது 68. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் கைத்தடி ஊன்றி நன்றாகவே நடப்பார். உயரமான படி என்றால்தான் திணறுவார். "நான் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று இப்போதே தியாகம் செய்யத் தொடங்கிவிட்டார். அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்தத் தியாகத்தைப் பற்றி நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அவரைப் படகில் ஏற்ற முடியுமா? ஏற்றினால் அங்கே உட்கார இடம், நிழல் உண்டா? மகனுக்கு ஆமை பார்க்க வேண்டுமாம். பணம் எந்த நாட்டுப் பணம்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கரையோரவாசி:

நாங்கள் போனோம். மணல், தென்னை, வரிசையாகக் கடைகள், கப்பலில் பார்த்த அதே முகங்கள். மதியத்துக்குள் அலுத்துவிட்டது. எல்லோரும் கரைக்குப் போய்விடுவதால் அன்றைக்குக் கப்பலின் நீச்சல் குளம்தான் உண்மையான ஆளில்லாத் தீவு. உங்கள் அம்மா சொல்வதில் தவறே இல்லை.

நங்கூரச்சங்கிலி:

சகோதரி, நான் கப்பலின் டெக் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பசிபிக் தீவுகளுக்குப் போகும் கப்பல்களில் டெண்டர் படகு ஓட்டியிருக்கிறேன். அந்தத் தீவில் என் காலம் பெரும்பாலும் இறங்குதுறையில்தான் கழிந்தது. ஆகவே கடற்கரையைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், படகைப் பற்றி நான் சொல்கிறேன்.

டெண்டர் என்பது வேறு தனிப் படகு அல்ல. கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் உயிர்காப்புப் படகுகளில் சிலவற்றைத்தான் இறக்கி ஓட்டுகிறோம். கப்பலின் கீழ்த்தளத்தில் பக்கக் கதவு ஒன்றைத் திறந்து, அங்கே ஒரு மேடையை அமைத்து, படகை அதில் அணைப்போம். படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேடையும் படகும் ஒரே மட்டத்துக்கு வரும் அந்த ஒரு நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. முழங்கால் வலி இருப்பவர்களை நாங்கள் தினமும் ஏற்றினோம். அவர்களால் தொல்லை வந்ததே இல்லை. தொல்லை கொடுப்பவர்கள் நாங்கள் சொல்லும் முன் குதிக்கும் இளைஞர்களும், ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு படம் எடுப்பவர்களும்தான்.

அம்மாவிடம் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், பையை நீங்கள் தூக்குங்கள். கைத்தடியை ஊழியரிடம் கொடுத்துவிடலாம், உள்ளே போனதும் தருவார்கள். இரண்டு ஆட்கள் இருபுறமும் அவருடைய முன்கையைப் பிடிப்பார்கள். அவரும் அவர்களுடைய முன்கையைப் பிடிக்க வேண்டும். விரலைப் பிடித்தால் வழுக்கும். கீழே தண்ணீரைப் பார்க்கக் கூடாது. "இப்போது" என்றால் இப்போது. "கொஞ்சம் இருங்கள்" என்றால் கூச்சப்படாமல் நிற்கட்டும். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

ஆனால் ஒன்று: அவரைத் தூக்கி வைக்க மாட்டார்கள். தன் காலால் ஓர் அடி எடுத்து வைக்க முடிந்தால் போதும், அது முடியாவிட்டால் அனுமதி கிடையாது. கடல் மோசமாக இருந்தால் கேப்டன் நிறுத்தத்தையே ரத்து செய்துவிடலாம். அந்தத் தீவு அப்படி ரத்தாவது புதிதல்ல. நீங்கள் கட்டிய கட்டணம் அந்த ஒரு தீவுக்கானது அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். மற்ற மாதங்களில் தென்கிழக்குக் காற்று பிடித்தால் விடாது.

எப்போது இறங்குவது? முதல் படகுக்கு அடித்துப் பிடிக்க வேண்டாம். காலையில் டோக்கன் கொடுப்பார்கள், சுற்றுலா பதிவு செய்தவர்கள் முதலில் போவார்கள், படிக்கட்டுகளில் கூட்டம் நிற்கும். நெரிசல் வடிந்த பிறகு, பத்து மணி வாக்கில் போனால் ஊழியர்களுக்கும் அம்மாவைக் கவனிக்கப் பொறுமை இருக்கும். திரும்பும்போது கடைசிப் படகை நம்பாதீர்கள். அதைத் தவறவிடுவீர்கள் என்று சொல்லவில்லை. மதியத்துக்கு மேல் பெரும்பாலும் காற்று கூடும். கடைசி ஒரு மணி நேரத்தில் தீவே காலியாகி வரிசையில் நிற்கும். நிழல் இல்லாத அந்த வரிசையில் முழங்கால் தாங்காது. இரண்டு மணிக்குள் அம்மாவை ஏற்றி அனுப்பிவிட்டு, துணைக்கு ஒருவர் கூடவே போகலாம். படகு வந்து போய்க்கொண்டேதான் இருக்கும், நால்வரும் ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இறங்குதுறையில் இன்னொரு சங்கதி. கடல் வற்றும் நேரத்தில் படகு துறையைவிடத் தாழ்ந்து நிற்கும். அப்போது கரையில் ஏறும் அடி கொஞ்சம் உயரமாகிவிடும். படகில் ஏறுவதற்கு முந்திய இரவே கப்பலின் வரவேற்பு மேசையில் "அம்மாவுக்கு முழங்கால் வலி, எந்த நேரம் வசதி?" என்று கேளுங்கள். டெக் பிரிவுக்குக் கேட்டுச் சொல்வார்கள். நாங்கள் இருந்தபோது இந்தக் கேள்வி வந்தால் எங்களுக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்திருங்கள். தொலைபேசி கரையில் கோபுரத்தைப் பிடித்தால் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். வனுவாட்டு கிரீன்விச் நேரத்துக்கு 11 மணி நேரம் முன்னால். சிட்னியோடு கோடையில் ஒத்துப்போகும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் விலகும். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறதோ அதுதான் உங்கள் நேரம்.

கரையோரவாசி சொன்னதற்கு ஒரு வார்த்தை. தீவு சிறியதுதான், நிதானமாக நடந்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். நடுவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை கிடக்கிறது. அங்கே யாரும் குடியிருக்கவில்லை. கடைக்காரர்கள், பாடுகிறவர்கள், தலைமுடி பின்னிவிடும் பெண்கள், படகுக்காரர்கள் எல்லோரும் எதிரே இருக்கும் அனெய்டியம் தீவிலிருந்து கப்பல் வரும் நாளில் மட்டும் வருகிறவர்கள். நாங்கள் விடியலில் நங்கூரம் போடும்போதே அவர்களுடைய படகுகள் கரையில் நிற்கும். கடைசி டெண்டர் போன பிறகுதான் அவர்கள் பலகைகளை மடிப்பார்கள். அவர்களுக்கு அது வேலை நாள், சந்தை நாள். ஆளில்லாத் தீவு கிடைக்கும் என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்தச் சந்தைக்குப் போகிறோம் என்று நினைத்துப் போங்கள், பொழுது நன்றாகவே போகும். உங்கள் அம்மாவுக்குச் சந்தை பிடிக்குமா?

தாழைமடல்:

சந்தையா? கூறுகட்டி விற்கும் இடத்தில் அவரை விட்டால் நாங்கள்தான் கப்பலைத் தவறவிடுவோம். மிக்க நன்றி ஐயா. பணத்தைப் பற்றியும் ஆமையைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

பணம்: நாட்டின் பணம் வாட்டு. ஆனால் அந்தத் தீவில் ஆஸ்திரேலிய டாலரை மறுக்க மாட்டார்கள். ஐந்து, பத்து டாலர் தாள்களாகக் கொண்டுபோங்கள். ஐம்பது டாலரை நீட்டினால் சில்லறைக்குக் கடைக்காரர் பத்துக் கடை ஏறி இறங்க வேண்டும். ஏடிஎம் கிடையாது.

ஆமை: கரையிலேயே உள்ளூர்க்காரர்கள் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், அங்கேயே பேசிக்கொள்ளலாம். கப்பலில் முன்பதிவு செய்யாமல் அவர்களிடமே கொடுத்தால் பணம் நேராக அவர்கள் கைக்குப் போகும். மகனுக்கு அளவான நீச்சல் முகக்கண்ணாடியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், வாடகைக் கண்ணாடி சிறுவர் முகத்தில் ஒட்டாமல் தண்ணீர் புகுந்து பாதி நேரம் அழுகையில் போகும். பவளப்பாறை இருப்பதால் காலுக்கு ரப்பர் காலணி. எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கிறது என்று உள்ளூர்க்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆமையைத் தொடக் கூடாது, துரத்தக் கூடாது. தண்ணீரில் குப்புற மிதப்பவர்களுக்கு முதுகுதான் வேகும், முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.

கப்பலிலிருந்து பழம், சாப்பாடு எதையும் கரைக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. திரும்பி வரும்போது மரச்சாமான், ஓலைப்பின்னல், விதைமாலை எது வாங்கினாலும் ஆஸ்திரேலியாவில் அறிவிக்க வேண்டும். பவளத் துண்டையும் ராட்சதச் சிப்பி ஓட்டையும் எடுக்கவே எடுக்காதீர்கள், அவை அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாத பொருள்கள்.

இனி நான் சொல்ல நினைத்த விஷயம். அங்கே ஒரு பெரிய பானை வைத்திருப்பார்கள். அதற்குள் பயணிகள் உட்கார, சுற்றிலும் முகத்தில் சாயம் பூசியவர்கள் ஈட்டியோடு நிற்க, "நரமாமிச சூப்" என்று படம் எடுப்பார்கள். பிள்ளைகள் துள்ளுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அனெய்டியத்துக்கு வேறு கதை இருக்கிறது. 1840களில் பாடன் என்ற வணிகர் சந்தன மரத்துக்காக இதே குட்டித் தீவில் கிட்டங்கி போட்டார். 1848இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஜான் கெடி என்ற பாதிரியார் வந்தார். அனெய்டியத்தின் பழைய தேவாலயத்தில் அவருக்கு வைத்த கல்வெட்டு, 1848இல் அவர் வந்தபோது இங்கே கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை, 1872இல் போனபோது பிற மதத்தார் ஒருவரும் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறது. அந்த இடைவெளியில், 1861இல் வந்த தட்டம்மை தீவு மக்களை வாரிக்கொண்டு போனது என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. கப்பலில் வந்தவர்களால் அவர்கள் அழிந்த கதை அது. கப்பலில் வந்தவர்களை அவர்கள் தின்ற கதையைத்தான் பானையாக வைத்திருக்கிறார்கள்.

நங்கூரச்சங்கிலி:

உப்புக்காற்று, நீங்கள் சொல்லும் வரலாறு சரி. அந்த நரமாமிசக் கதைகளில் வரும் மிஷனரி ஜான் வில்லியம்ஸ் 1839இல் கொல்லப்பட்டதும் அனெய்டியத்தில் அல்ல, வடக்கே எர்ரோமாங்கோ தீவில். ஆனாலும் பானை விஷயத்தில் உங்களோடு முழுதாக உடன்பட மாட்டேன். அந்தப் பானையை வைத்தது எங்கள் கப்பல் நிறுவனம் அல்ல, ஈட்டியோடு நிற்பவர்களே வைத்தது. பயணி ஒருவர் பயந்ததுபோல நடித்து முடித்து எழுந்ததும் அவர்கள் தங்களுக்குள் சிரிக்கும் சிரிப்பை நான் துறையிலிருந்து பார்த்திருக்கிறேன். யார் யாரைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வராது. படம் எடுத்தால் பெட்டியில் பணம் போடுங்கள், பிடிக்காவிட்டால் நடந்துவிடுங்கள்.

உப்புக்காற்று:

அவர்கள் சிரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைக் காட்டி நம்மவர்கள் சொல்லும் விளக்கத்தில்தான் ஆட்சேபம். தாழைமடல், மகனுக்கு முதலில் தட்டம்மைக் கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு பானைக்குள் உட்கார வையுங்கள்.

தாழைமடல்:

9 வயதுப் பையனிடம் தட்டம்மையா? ஆமையோடு நிறுத்திக்கொள்கிறேன், மீதியை அவன் அப்பா பார்த்துக்கொள்வார்.

கடைசியாக இரண்டு கேள்விகள். அம்மா பார்வையாளர் விசாவில் வந்திருக்கிறார், அதனால் சிக்கல் உண்டா? கழிப்பறை எப்படி? இதைத்தான் அம்மா முதலில் கேட்டார், எழுதக் கூச்சமாக இருந்தது.

நங்கூரச்சங்கிலி:

கூச்சம் எதற்கு, துறையில் எங்களிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வியே அதுதான்.

விசாவை முதலில் பாருங்கள். கப்பல் வெளிநாட்டுத் துறையைத் தொட்டால் அவர் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியேறியவர் ஆகிறார். திரும்பி நுழைய, பல முறை நுழைவு அனுமதிக்கும் விசா வேண்டும். ஒரு முறை நுழைவு விசா என்றால் கப்பல் ஏறவே விடமாட்டார்கள். நூமியா பிரெஞ்சு ஆட்சிப் பகுதி, அதற்குத் தனி விதி. அம்மாவின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று சொல்லி இரண்டு துறைகளுக்கும் என்ன வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்ட பதில் துறைமுகத்தில் செல்லாது.

கழிப்பறை இருக்கிறது. ஆனால் தீவில் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் இல்லை என்பதால் எளிமையாகத்தான் இருக்கும். கை துடைக்கும் ஈரத்தாள் எடுத்துச் செல்லுங்கள். படகு ஏறும் முன் அம்மா கப்பலிலேயே போய்விட்டு வரட்டும், நடுவில் தேவைப்பட்டால் துறைக்கு வந்து அடுத்த டெண்டரில் ஏறிக் கப்பலுக்குப் போய், திரும்பவும் வரலாம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நிழலுக்கு மரங்கள் உண்டு, நாற்காலிகள் போதாது. மடக்கு நாற்காலி ஒன்று கப்பலில் கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள். அறை அட்டையும் புகைப்பட அடையாள அட்டையும் நால்வரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பை முதல் படகில் திரும்பிப்போன குடும்பங்களை நிறையப் பார்த்தாயிற்று.